பழைய கணினிக்குப் புதிய சேமிப்பகம்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

பல பள்ளிகளின் அலுவலக அறையில் எட்டு, பத்து ஆண்டுகளாக உழைத்துவரும் மேசைக்கணினி ஒன்று இருக்கும். காலையில் அதன் பொத்தானை அழுத்திவிட்டு இறைவணக்கக் கூட்டம் முடிந்து திரும்பினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த பெற்றோர் வராந்தாவில் காத்திருப்பார். ‘இந்தக் கணினி இனி உதவாது, புதிதாகக் கேட்டு எழுதிவிடலாம்’ என்ற பேச்சு அப்போதுதான் எழும்.

அப்படி எழுதும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்தாண்டுப் பழைய கணினியில் செயலி பெரும்பாலும் அன்றுபோலவே இயங்கிக்கொண்டிருக்கும். தேய்ந்திருப்பது, உள்ளே ஓயாமல் சுழலும் ஹார்டு டிஸ்க் என்னும் நிலைவட்டுதான். அதை மட்டும் மாற்றினால் கணினி இன்னும் சில ஆண்டுகள் பயன்படும். ஆனால் கடையில் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்தால் அது பொருந்தாமலும் போகலாம். மாற்றும் அவசரத்தில் பல ஆண்டுகளின் கோப்புகள் அழிந்தும் போகலாம். எமிஸ் தளத்தில் ஏற்றிய விவரங்கள் வழங்கியில் இருக்கும். பழைய மதிப்பெண் பட்டியல், கடிதங்கள், வினாத்தாள்கள், ஆண்டு விழாப் படங்கள் ஆகியவை அந்த ஒரே கணினியில்தான் இருக்கும்.

முதலில் காப்பு, பிறகு கடை

எந்தச் சேமிப்பகம் வாங்கலாம் என்று யோசிக்கும் முன்பே முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும். கணினி மெதுவாக இயங்குவது, நிலைவட்டு பழுதாகிவருவதன் அறிகுறியாக இருக்கலாம். ‘டிக், டிக்’ என்று ஒரே சீராகத் தட்டும் ஒலி கேட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

பழுதாகும் வட்டில் எஞ்சியிருக்கும் நேரம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே திரும்பக் கிடைக்காத ஆவணங்களை முதலில் படியெடுக்க வேண்டும். அளவில் பெரிய காணொலிகள் கடைசியில் வரட்டும். வட்டைச் சரிபார்த்துத் திருத்தும் ‘செக் டிஸ்க்’ போன்ற கட்டளைகளைப் படியெடுப்பதற்கு முன் இயக்குவது தவறு. அவை நலிந்த வட்டை மணிக்கணக்கில் வேலை வாங்கி, மிச்சமிருக்கும் உயிரையும் போக்கிவிடலாம்.

ஒரு கோப்புக்கு மூன்று படிகள், அவை இரு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் இடத்தில் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் எளிய விதி. ஒரே பென் டிரைவில் போட்டு மேசை இழுப்பறையில் வைப்பது காப்பு ஆகாது.

குறை எங்கே இருக்கிறது?

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். விண்டோஸ் 8 முதலான பதிப்புகளில், செயலி, நினைவகம், வட்டு ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது என்பதை அங்கே காணலாம். செயலி 10 அல்லது 15 விழுக்காட்டில் இருக்க, வட்டு மட்டும் நெடுநேரம் 100 விழுக்காட்டிலேயே நின்றால் தடங்கல் வட்டில்தான்.

நினைவகமும் நிரம்பி வழிந்தால் கதை சற்று மாறும். ரேம் போதாதபோது இயக்க அமைப்பு வட்டின் ஒரு பகுதியைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தும். அதனாலும் வட்டுக்கு வேலை கூடும். 2 ஜிபி ரேம் உள்ள கணினியில் வட்டை மட்டும் மாற்றினால் பாதிப் பயன்தான் கிடைக்கும். ரேமையும் கூட்ட முடியுமா என்று அப்போதே பார்ப்பது நல்லது.

வட்டின் உடல்நிலையை வட்டே பதிவுசெய்து வைத்திருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளிலும், உபுண்டு போன்ற லினக்ஸ் அமைப்புகளில் உள்ள ‘டிஸ்க்ஸ்’ செயலியிலும் இதைப் படிக்கலாம். அதில் மூன்று வரிகள் போதும்.

05 என்ற வரி, பழுதான பகுதிகளுக்குப் பதிலாக வட்டு ஒதுக்கிய மாற்றுப் பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இவ்விரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடினால் வட்டின் காலம் முடிகிறது என்று பொருள். சி7 என்ற வரி, வட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே தகவல் பயணத்தில் நேர்ந்த பிழைகளைச் சொல்கிறது. இது மட்டும் கூடிக்கொண்டே போனால் குற்றவாளி பெரும்பாலும் இணைப்புக் கம்பிதான். விலை குறைந்த கம்பி ஒன்றை மாற்றினால் போதும், வட்டை வாங்கவே வேண்டியதில்லை.

லினக்ஸ் செயலியில் இதே வரிகள் 5, 197, 199 என்று இருக்கும். சி5, சி7 என்பன பதினாறடிமான எண்கள். அவற்றைப் பதின்ம எண்களாக மாற்றினால் 197, 199 வரும். எண் முறை மாற்றம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சுழலும் தட்டும் சுழலாத சில்லும்

சந்தையில் இரண்டு வகைகள் உள்ளன. ஒன்று ஹார்டு டிஸ்க். காந்தப் பூச்சுள்ள தட்டுகள் அதில் சுழல்கின்றன. ஒரு கையின் நுனியில் உள்ள தலை தட்டின் மேல் நகர்ந்து படிக்கிறது, எழுதுகிறது. மற்றொன்று எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம். அதில் அசையும் உறுப்பே இல்லை. தகவல்கள் ஃபிளாஷ் சில்லுகளில் மின்னூட்டமாகத் தங்குகின்றன.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு கணக்கால் அறியலாம். மேசைக்கணினி ஹார்டு டிஸ்க் பொதுவாக நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். அதாவது நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி ஆகும். தலை சரியான தடத்துக்கு நகர மேலும் 8 அல்லது 9 மில்லிநொடி. ஆக ஒரு துண்டுத் தகவலை எடுக்க 12 அல்லது 13 மில்லிநொடி தேவை. ஒரு நொடியில் ஏறத்தாழ 80 துண்டுகளைத்தான் எடுக்க இயலும்.

கணினி தொடங்கும்போது வட்டின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் 4 கேபி என்று கொண்டால், 80 துண்டுகளுக்கு நொடிக்கு 320 கேபிதான் கிடைக்கும். பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்பிக்கு மேல் தரும் அதே வட்டு, சிதறிய கோப்புகளில் இப்படித் திணறுகிறது. பதிவேட்டு அறையில் ஒரே அலமாரியில் அடுக்கியிருக்கும் ஐம்பது கோப்புகளை ஒரே நடையில் அள்ளி வரலாம். ஐம்பதும் ஐம்பது அலமாரிகளில் இருந்தால் ஐம்பது நடை. ஹார்டு டிஸ்க்கின் நேரம் நடையிலேயே போய்விடுகிறது. எஸ்.எஸ்.டி.யில் அந்த நடை இல்லை. ஒரு துண்டை எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லிநொடி போதும். நொடிக்குப் பல ஆயிரம் துண்டுகள் கிடைக்கும்.

ஆகவே இயக்க அமைப்பு இருக்கும் முதன்மைச் சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.யாக இருப்பதே சரி. பாடக் காணொலிகள், பழைய படங்கள் போன்றவற்றைக் குறைந்த செலவில் பெருமளவு சேர்த்துவைக்க மட்டும் ஹார்டு டிஸ்க் வாங்கலாம்.

நம் கணினியில் எது பொருந்தும்?

மூடியைத் திறந்து பழைய வட்டின் இணைப்பைப் பாருங்கள். பட்டை நாடாபோல அகன்ற, 40 துளைகள் கொண்ட கம்பி என்றால் அது ஐ.டி.இ. வகை. அவ்வளவு பழைய கணினிக்குச் செலவு செய்வது பெரும்பாலும் வீண். விரல் அகலத்துக்கும் குறைவான, முனையில் ‘எல்’ வடிவ வாய் உள்ள கம்பி என்றால் அது சாட்டா வகை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த மேசைக்கணினிகள் அநேகமாக இவ்வகையே.

சாட்டாவில் மூன்று தலைமுறைகள் உண்டு. அவற்றின் உச்ச வேகம் நொடிக்கு முறையே 150, 300, 600 எம்பி. புதிய தலைமுறை எஸ்.எஸ்.டி.யைப் பழைய சாட்டா வாயில் பொருத்தினாலும் பொதுவாக இயங்கும்; வேகம் மட்டும் அந்த வாயின் அளவுக்குக் குறையும். அதைக் கண்டு தயங்க வேண்டாம். சிதறிய கோப்புகளில் 320 கேபி தந்த இடத்தில் 150 எம்பி வரை இடம் கிடைப்பதே பெரும் முன்னேற்றம்.

கடையில் ‘எம்.2’ என்ற வடிவமும் கிடைக்கும். சூயிங்கம் பட்டைபோன்ற மெல்லிய அட்டை அது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்துக்குள் சாட்டா முறையில் பேசும் அட்டையும் உண்டு, என்.வி.எம்.இ. முறையில் பேசும் அட்டையும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஒன்றுக்கான வாயில் மற்றது இயங்காமல் போகலாம். மேலும் பல பழைய கணினிகளின் பயாஸ், என்.வி.எம்.இ. அட்டையிலிருந்து தொடங்கத் தெரியாதது. தாய்ப்பலகையின் கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் எம்.2 வாங்குங்கள். மற்றபடி பழைய மேசைக்கணினிக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.யே பத்திரமான தேர்வு.

கணினிப் பெட்டியில் இருக்கும் இடம் 3.5 அங்குல வட்டுக்கானது. 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யை அதில் பொருத்தச் சிறு தாங்கி ஒன்று தனியாகக் கிடைக்கும். அசையும் உறுப்பு இல்லாததால் எஸ்.எஸ்.டி. எந்தத் திசையில் நின்றாலும் கேடில்லை.

எவ்வளவு கொள்ளளவு?

இப்போதைய வட்டில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்து, அதன் இரு மடங்குக்கு அருகில் உள்ள அளவைத் தேர்ந்தெடுக்கலாம். அலுவலகப் பணி மட்டும் என்றால் 240 அல்லது 256 ஜிபி போதும். காணொலிகளும் சேரும் என்றால் 480 அல்லது 500 ஜிபி நல்லது. எஸ்.எஸ்.டி.யை விளிம்புவரை நிரப்பினால் எழுதும் வேகம் குறையும். ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்.

1 டிபி என்று வாங்கிய வட்டைக் கணினி 931 ஜிபி என்று காட்டினால் விற்றவர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1,000இன் அடுக்குகளில் எண்ணுகிறார். விண்டோஸ் 1,024இன் அடுக்குகளில் எண்ணுகிறது. 1,00,000 கோடி பைட்டுகளை 1,024ஆல் மூன்று முறை வகுத்தால் 931 வரும். வகுப்பிலேயே செய்து பார்க்கத் தக்க கணக்கு இது.

2 டிபிக்கு மேற்பட்ட ஹார்டு டிஸ்க்கைப் பழைய பயாஸ் உள்ள கணினியில் முதன்மை வட்டாகப் பயன்படுத்த வேண்டாம். ‘எம்.பி.ஆர்.’ என்ற பழைய பகுப்பு முறை 2 டிபிக்கு மேல் முகவரி எழுதத் தெரியாதது. மீதி இடம் வீணாகும்.

பெட்டியின் மேல் எதைப் படிப்பது?

உத்தரவாதக் காலத்தை முதலில் பாருங்கள். மூன்று அல்லது ஐந்து ஆண்டு உத்தரவாதம் பரவலாகக் கிடைக்கிறது. அடுத்து ‘டி.பி.டபிள்யூ.’ என்ற எண். உத்தரவாதத்துக்கு உட்பட்டு மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதை அது சொல்கிறது. ஃபிளாஷ் சில்லுகள் எழுத எழுதத் தேயும் என்பது உண்மை. ஆனால் அஞ்ச வேண்டிய அளவில் இல்லை. 80 டெராபைட் என்று குறித்த ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யில் நாள்தோறும் 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள், அதாவது ஏறத்தாழ 11 ஆண்டு ஆகும். பள்ளி அலுவலகத்தில் நாளொன்றுக்கு அவ்வளவு எழுதுவதே அபூர்வம்.

சில்லு வகையில் ‘டி.எல்.சி.’ என்பது ஓர் அறையில் மூன்று பிட்டுகளையும், ‘க்யூ.எல்.சி.’ என்பது நான்கு பிட்டுகளையும் வைக்கிறது. நான்கை அடைத்தால் விலை குறையும்; எழுதும் வேகமும் ஆயுளும் சற்றுக் குறையும். விலை வேறுபாடு சிறிது என்றால் டி.எல்.சி.யைக் கேளுங்கள். பெயர் தெரியாத தயாரிப்பு, நம்ப முடியாத கொள்ளளவு, நம்ப முடியாத விலை மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிவிடுங்கள். உள்ளே சிறிய சில்லை வைத்து, பெரிய அளவைக் காட்டும்படி மாற்றிய போலிகள் உலவுகின்றன. பில்லோடு, வரிசை எண்ணோடு வாங்குவதே பாதுகாப்பு.

எஸ்.எஸ்.டி. பழுதாகும்போது ஹார்டு டிஸ்க்போல ஒலி எழுப்பி எச்சரிக்காது. நேற்று வரை ஓடியது இன்று கண்ணுக்கே தெரியாமல் போகலாம். புதியதை வாங்கிய பிறகும் காப்புப்படி கட்டாயம். மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் பீரோவில் வைத்திருக்கவும் எஸ்.எஸ்.டி. ஏற்றதல்ல, மின்னூட்டம் மெல்லக் கசியும். அத்தகைய நீண்டகாலச் சேமிப்புக்கு ஹார்டு டிஸ்க்கே மேல்.

மாற்றும்போது கவனிக்க

கணினி உத்தரவாதத்திலோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ இருந்தால் நாமாகத் திறக்கக் கூடாது; உரியவருக்குத் தகவல் தர வேண்டும். இல்லையெனில் தலைமையாசிரியரின் அனுமதியோடு, பழைய வட்டின் வரிசை எண்ணையும் புதியதின் வரிசை எண்ணையும் இருப்புப் பதிவேட்டில் குறித்த பிறகே தொடங்க வேண்டும்.

1. மின்செருகியைக் கழற்றுங்கள். நிலைமின் வெளியேற, பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

2. பயாஸில் சாட்டா முறை ‘ஏ.எச்.சி.ஐ.’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஐ.டி.இ.’ என்று இருந்தால், புதிதாக இயக்க அமைப்பை நிறுவும் முன் மாற்றுங்கள். பழைய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு இதை மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் போகக்கூடும்.

3. பழைய வட்டை அப்படியே படியெடுக்க ‘குளோன்சில்லா’ போன்ற இலவசக் கருவிகள் உண்டு. இயல்பாக அது, இலக்கு வட்டு மூல வட்டுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். 500 ஜிபி வட்டிலிருந்து 480 ஜிபி எஸ்.எஸ்.டி.க்குப் போகும்போதே பலர் தடுக்கி நிற்பது இதனால்தான். பத்தாண்டுக் குப்பையையும் வைரஸையும் சேர்த்துச் சுமப்பதைவிட, புதிதாக நிறுவிக் கோப்புகளை மட்டும் எடுத்துவைப்பது மேல்.

4. எல்லாம் சரியாக இயங்குவதை உறுதிசெய்யும் வரை பழைய வட்டைத் தொடாமல் தனியே வையுங்கள்.

எந்த இயக்க அமைப்பை நிறுவுவது என்பதும் இப்போது முக்கியம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 சில்லு உள்ளிட்ட தகுதிகளைக் கேட்பதால் பத்தாண்டுப் பழைய கணினிகள் பெரும்பாலும் அதற்குத் தகுதி பெறா. உபுண்டுவும், சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்சும் இலவசமாகக் கிடைக்கின்றன. அலுவலகத்தில் அன்றாடம் தேவைப்படும் மென்பொருள்களும் அச்சுப்பொறியும் லினக்சில் இயங்குமா என்று முன்கூட்டியே சோதித்துவிட்டு மாறுங்கள்.

தாய்ப்பலகையின் மின்தேக்கிகள் உப்பியிருந்தாலோ, ரேமைக் கூட்ட வழியே இல்லாவிட்டாலோ புதிய சேமிப்பகம் வாங்குவதில் பொருளில்லை. அப்போது புதிய கணினிக்கான கோரிக்கையே நியாயமானது.

பழைய வட்டு வகுப்பறைக்கு வரட்டும்

பழைய வட்டில் குழந்தைகளின் பெயர், முகவரி, பிறந்த நாள், ஆதார் எண், பெற்றோரின் வங்கி விவரம் எல்லாம் இருக்கும். கோப்பை நீக்குவதோ விரைவு ஃபார்மட் செய்வதோ பட்டியலை மட்டும் அழிக்கும். தகவல்கள் தட்டிலேயே இருக்கும். மீட்பு மென்பொருளால் எவரும் எடுக்க முடியும். இயங்கும் ஹார்டு டிஸ்க் என்றால் முழுப் பரப்பிலும் ஒரு முறை சுழியங்களை எழுதி அழிக்க வேண்டும். இயங்காதது என்றால் தட்டுகளைச் சிதைக்க வேண்டும். அதன் பின்னரே உரிய நடைமுறைப்படி மின்னணுக் கழிவாக, அதற்கெனப் பதிவுபெற்றவர்களிடம் ஒப்படைக்கலாம். பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடும் பொருள் அது அல்ல.

கழிவாக ஒப்படைக்கும் முன், முறையான அனுமதியோடு தகவல் அழித்த வட்டு ஒன்றைக் கணினி ஆய்வகத்தில் திறந்து காட்டலாம். கண்ணாடிபோல் மின்னும் தட்டு, அதன் மேல் மெல்லிய கை, கையை அசைக்கும் நியோடிமியம் காந்தங்கள் எல்லாம் மாணவர் கண்முன் வரும். சுழலும் தட்டு இழுத்துவரும் காற்றின் மீது, சில நானோமீட்டர் உயரத்தில் தலை மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். ஒரு தூசு ஏன் வட்டைக் கெடுக்கும் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. காந்தங்கள் விரலை நசுக்கும் வலிமை உடையவை. தட்டு கண்ணாடியாலானது என்றால் உடைந்து தெறிக்கும். ஆகவே திருகுகளைக் கழற்றுவது ஆசிரியர் கையில் இருக்கட்டும்.

1956இல் வெளிவந்த ஐ.பி.எம். 350 என்ற முதல் வணிக நிலைவட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகள். நம் மேசையில் இருக்கும் உள்ளங்கை அளவு எஸ்.எஸ்.டி. அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு கொள்ளும். அளவு எவ்வளவு வளர்ந்தாலும் இரண்டாவது படி இல்லாத கோப்பு ஒரு பழுதுக்கே அழிந்துவிடும். புதிய எஸ்.எஸ்.டி.யைப் பொருத்திய நாளிலேயே காப்புப்படி எடுக்கும் கிழமையையும் பொறுப்பாளரையும் முடிவுசெய்து அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.